கடிதங்களில் எழுதிய கொள்கை

பிரிட்டனின் ‘கார்டியன்’ நாளிதழில் 1972 செப்டம்பர் 20 அன்று ஒரு வாசகர் கடிதம் வெளியானது. எழுதியவர் பால் ஹண்ட். கடுமையான உடற்குறை உள்ளவர்களை ஒதுக்குப்புறமான விடுதிகளில் கொண்டுபோய் வைக்கிறார்கள், அங்கே அவர்கள் சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை, நிர்வாகம் வைத்ததுதான் சட்டம், பல இடங்களில் கொடுமையும் நடக்கிறது என்று அதில் சொல்லியிருந்தார். அங்கே இருப்பவர்கள், நாளைக்கு அங்கே போக நேரக்கூடியவர்கள் ஆகிய இரு சாராரின் கருத்தையும் நாடறியச் சொல்ல ஒரு குழு தொடங்க விரும்புவதாகவும் எழுதியிருந்தார்.

பத்திரிகைக்கு வரும் ஆயிரம் கடிதங்களில் அதுவும் ஒன்று. ஆனால் இன்று தமிழ்நாட்டில் ஒரு மாற்றுத்திறனாளி தன் உரிமைக்காக நீதிமன்றப் படியேறும்போது அவருக்குத் துணைநிற்கும் சட்டத்தின் மிக முக்கியமான ஒரு வரியை வேர் பிடித்துக்கொண்டே போனால், அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதியவர்களிடம்தான் போய்ச் சேருவோம். அவர்கள் தொடங்கிய அமைப்பின் பெயரை ‘ஒதுக்கிவைப்பதற்கு எதிரான உடற்குறையுடையோர் சங்கம்’ என்று தமிழில் சொல்லலாம். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘யூபியாஸ்’ என்பார்கள். கடைசிவரை அது சிறிய சங்கம்தான். பெரிய கட்டடமோ கோடிக்கணக்கில் நன்கொடையோ அதற்குக் கிடையாது. அதனிடம் இருந்ததெல்லாம் சில பக்கங்களில் எழுதப்பட்ட ஒரு கொள்கை அறிக்கை.

ஓர் அமைப்புக்குக் கொள்கை என்றால் என்ன? பெரும்பாலான இடங்களில், தலைவரும் செயலாளரும் உட்கார்ந்து எழுதி, பதிவுத்துறைக்குக் கொடுத்து, ஆண்டறிக்கையின் பின்பக்கத்தில் அச்சடித்துவிட்டு மறந்துபோகிற காகிதம். மாற்றுத்திறனாளிகள் அமைப்புகளும் இதற்கு விதிவிலக்கல்ல. யாரைக் கேட்டு எழுதினீர்கள், போன வருடம் எடுத்த எந்த முடிவை இந்தக் காகிதத்தைப் பார்த்து எடுத்தீர்கள் என்று கேட்டால் பதில் வராது. யூபியாஸ் இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் வைத்திருந்த சங்கம். அதனாலேயே அதன் கதையை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

படுக்கப் போகும் நேரத்துக்கான போராட்டம்

ஹண்ட் 1937இல் பிறந்தவர். தசைச்சிதைவு நோய் உள்ளவர். 19 வயதில், ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் இருந்த ‘லெ கோர்ட்’ என்ற இல்லத்தில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானியாக இருந்து, நாகசாகி மீது அணுகுண்டு விழுந்ததை வானிலிருந்து கண்ணால் பார்த்த லியோனார்ட் செஷையர் 1948இல் தொடங்கிய இல்லம் அது. செஷையர் இல்லங்கள் பிறகு உலகெங்கும் பரவின. 1950களிலேயே இந்தியாவுக்கும் வந்துவிட்டன. நல்ல மனத்தோடு தொடங்கப்பட்டவை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

ஆனால் உள்ளே இருந்தவர்கள் எதற்காகப் போராட வேண்டியிருந்தது என்று பாருங்கள். இரவு எத்தனை மணிக்குப் படுப்பது என்பதைத் தாங்களே முடிவுசெய்வதற்கு. விரும்பினால் ஒரு கோப்பை மது அருந்துவதற்கு. ஆணும் பெண்ணும் யாருடைய கண்காணிப்பும் இல்லாமல் பழகுவதற்கு. அனுமதி கேட்காமல் வாசலைத் தாண்டி வெளியே போய்வருவதற்கு. வளர்ந்த மனிதர்கள் இதற்கெல்லாம் வருடக்கணக்கில் போராடினார்கள். அதிகம் பேசினால் இல்லத்தைவிட்டு வெளியேற்றிவிடுவோம் என்ற மிரட்டல் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டே இருந்தது. வேறு போக்கிடம் இல்லாதவனுக்கு அது எவ்வளவு பெரிய மிரட்டல் என்பதை விளக்கத் தேவையில்லை.

இந்த நிலைமையை வெளியாட்கள் வந்து ஆராய்ந்தால் விடிவு பிறக்கும் என்று லெ கோர்ட்வாசிகள் நம்பினார்கள். லண்டனின் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் மில்லர், ஜெரால்டின் க்வின் என்ற இரு ஆய்வாளர்கள் 1960களில் வந்தார்கள். 1972இல் அவர்களுடைய நூல் வெளியானது. அதில் இருந்த முடிவு இல்லவாசிகளை நிலைகுலைய வைத்தது. இல்லத்தில் சேரும்போதே ஒரு மனிதன் சமூகத்தைப் பொறுத்தவரை இறந்துவிடுகிறான், அந்தச் சாவுக்கும் உடல் சாவுக்கும் இடைப்பட்ட காலத்தைக் கொஞ்சம் நயமாகக் கழிக்க உதவுவதே இல்லத்தின் வேலை என்கிற பொருளில் அவர்கள் எழுதியிருந்தார்கள். சாகும்வரை ஒதுக்கிவைக்கலாமா என்ற கேள்வியை அவர்கள் எழுப்பவே இல்லை. எப்படி ஒதுக்கிவைக்கலாம் என்பதற்கு மட்டும் யோசனை சொன்னார்கள்.

நூல் வந்த அதே ஆண்டில்தான் ஹண்டின் கடிதமும் வந்தது. உதவ வருகிறவர் நடுநிலையாளர் என்று நம்பிக் கதவைத் திறந்துவிட்டோம், அவர் எங்களை அடக்குகிறவர்களின் பக்கம் நின்று எழுதிவிட்டுப் போய்விட்டார் என்று இல்லவாசிகள் உணர்ந்தார்கள். இந்தப் படிப்பினைதான் யூபியாஸ் கொள்கையின் முதல் செங்கல் என்று எனக்குத் தோன்றுகிறது. நிபுணர்கள் வந்து உடற்குறையின் மனவியலை எங்களுக்குப் பாடம் நடத்த வேண்டாம், அது எப்படி இருக்கும் என்பது எங்களுக்கே தெரியும் என்ற கோபம் பின்னால் அந்த அறிக்கையிலேயே பதிவானது.

தபாலில் நடந்த பொதுக்குழு

கடிதத்துக்குப் பதில் எழுதியவர்கள் நாட்டின் பல மூலைகளில் இருந்தார்கள். பலர் இல்லங்களில் இருந்தார்கள். அவர்களை ஓர் இடத்தில் கூட்டுவது நடக்கிற காரியமில்லை. ரயிலில் ஏற முடியாது, பேருந்தில் ஏற முடியாது, கூட்டம் நடக்கும் மண்டபத்துக்குள் நுழைய முடியாது. ஆகவே பொதுக்குழுவைத் தபாலிலேயே நடத்தினார்கள்.

முறை எளிமையானது. உறுப்பினர்கள் தங்கள் கருத்தை எழுதி அனுப்புவார்கள். அவற்றைத் தொகுத்துத் தட்டச்சு செய்து, படியெடுத்து, சுற்றறிக்கையாக எல்லாருக்கும் அனுப்புவார்கள். அதைப் படித்தவர்கள் மறுப்போ ஆதரவோ எழுதுவார்கள். அது அடுத்த சுற்றறிக்கையில் வரும். இவை வெளியாட்களுக்குக் காட்டக் கூடாதவை. அதற்குக் காரணம் இருந்தது. இல்லத்தில் இருக்கும் ஒருவர் தன் வார்டனைப் பற்றி எழுதியது வெளியே தெரிந்தால், மறுநாள் காலை அவரைப் படுக்கையிலிருந்து தூக்கி உட்காரவைக்க வேண்டியவர் அதே வார்டன்தான். பயமில்லாமல் பேசுவதற்கான இடத்தை முதலில் உண்டாக்கினார்கள். கொள்கை அதற்குப் பிறகு வந்தது.

1972 இறுதியில் தொடங்கிய இந்தக் கடித விவாதம் 1974 டிசம்பர் வரை நடந்தது. அந்த இலையுதிர் காலத்தில் லண்டனில் ஒரு வார இறுதியில் கூடிப் பேசினார்கள். டிசம்பர் 3ஆம் தேதி கொள்கை அறிக்கை ஏற்கப்பட்டது. 1976 ஆகஸ்டில் ஒருமுறை திருத்தினார்கள். இரண்டு வருடம் விவாதம் மட்டும் செய்துகொண்டிருந்தால் வேலை எப்போது என்று இன்றைய தொண்டு நிறுவனம் ஒன்றின் திட்ட அலுவலர் கேட்கக்கூடும். அந்த விவாதமே வேலைதான். வாழ்நாள் முழுவதும் தன் கருத்தை யாரும் கேட்காத ஒருவர், முதன்முறையாகத் தன் வாழ்க்கையைப் பற்றி ஒரு வாக்கியத்தை எழுதி, அதை வேறொருவர் மறுக்க, தன் தரப்பை நிறுவ மறுபடியும் எழுதுகிறார். இதைவிடப் பெரிய வேலை அந்தச் சங்கத்துக்கு என்ன இருந்திருக்க முடியும்?

விவாதம் கொள்கையை மாற்றவும் செய்தது. ஹண்டின் கடிதம் இல்லங்களைப் பற்றியது மட்டும்தான். கடிதப் போக்குவரத்து வளர வளர, இல்லத்தைத் தனியாகப் பேச முடியாது என்பது தெளிவானது. ஒருவர் ஏன் இல்லத்துக்குப் போகிறார்? வீடு அவருக்கேற்ப இல்லை. சம்பாத்தியம் இல்லை. வேலை ஏன் இல்லை? சிறப்புப் பள்ளியில் ஒதுக்கிப் படிக்கவைத்தார்கள், பேருந்தில் ஏற முடியவில்லை, தொழிற்சாலை வாசலில் படிக்கட்டு. எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தது. இல்லம் என்பது இந்தப் பின்னலின் கடைசி முடிச்சு.

இந்த இடத்தில் விக் ஃபிங்கல்ஸ்டீனின் பங்கைச் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். பள்ளி வயதில், கோலூன்றித் தாண்டும்போது விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டது. நிறவெறி எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்து சிறை சென்றார். வெளியே வந்தபோது 5 ஆண்டுத் தடை உத்தரவு. 1968இல் பிரிட்டனுக்கு அகதியாக வந்து சேர்ந்தார். அந்தத் தடை உத்தரவு போகக்கூடாது என்று சொன்ன பல இடங்களுக்குச் சக்கர நாற்காலியில் இருந்த தன்னால் ஏற்கெனவே போக முடியாமல்தான் இருந்தது என்பதை அவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். கறுப்பர்களை ஒதுக்கத் தென்னாப்பிரிக்க அரசு சட்டம் போட்டது. உடற்குறை உள்ளவர்களை ஒதுக்க யாரும் சட்டம் போடத் தேவையிருக்கவில்லை, கொத்தனாரே போதும். சங்கத்தின் பெயரிலேயே ஒதுக்கிவைப்பதற்கு எதிரான என்ற சொல் இருப்பதில் தென்னாப்பிரிக்காவின் வெக்கை தெரிகிறது.

அறிக்கையில் என்ன இருந்தது

கான்கார்ட் விமானம் செய்யவும், லண்டன் நடுவே ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்த சென்டர் பாயின்ட் என்ற வானளாவிய கட்டடம் கட்டவும் இந்த நாட்டிடம் பணமும் தொழில்நுட்பமும் இருக்கிறது, உடற்குறை உள்ளவர்களைப் பொதுவாழ்வுக்குள் கொண்டுவர மட்டும் இல்லையா என்று அறிக்கை கேட்டது. இல்லங்களை, இந்தச் சமூகம் மனிதர்களைக் கழித்துக்கட்டும் இடம் என்று கடுமையாகச் சொன்னது. புதிய இல்லங்கள் கட்டுவதை எதிர்த்தது.

எனக்கு இந்த அறிக்கையில் மிகவும் பிடித்த இடம் அடுத்துவருவது. இல்லம் வேண்டாம் என்பது கொள்கை. சரி, இன்றைக்கு இல்லத்தில் இருப்பவரை என்ன செய்வது? கொள்கை சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் அவர்களை மறந்துவிடுவார்கள். யூபியாஸ் மறக்கவில்லை. வெளியே வாழ உண்மையான வசதி வரும்வரை உள்ளே இருப்பவர்களின் அந்தரங்கத்துக்கும், போய்வரும் சுதந்திரத்துக்கும், நிர்வாகத்தில் பங்குக்கும், வெளியேற்றப்பட மாட்டோம் என்ற உறுதிக்கும் சங்கம் துணைநிற்கும் என்று அதே அறிக்கையில் எழுதினார்கள். எழுதியவர்களில் பலர் உள்ளே இருந்தார்கள் அல்லது இருந்துவிட்டு வந்தவர்கள். வெளியிலிருந்து எழுதும் யாருக்கும் இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிக்கத் தோன்றியிருக்காது.

உறுப்பினர் விதி கறாரானது. உடற்குறை உள்ளவர்கள் மட்டுமே முழு உறுப்பினர். மற்றவர்கள் இணை உறுப்பினராகச் சேரலாம், வேலை செய்யலாம், ஓட்டுரிமை கிடையாது. கொள்கையை ஏற்றால்தான் உறுப்பினர். இதைப் படித்துவிட்டு உடன்படாமல் விலகியவர்கள் உண்டு. சங்கம் சிறியதாகவே இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பேச்சுவார்த்தைக்கு நான்கு நிபந்தனைகள்

கொள்கையை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு 1975 நவம்பர் 22ஆம் தேதி நடந்த சந்திப்பைவிட நல்ல சான்று இல்லை.

அப்போது ‘டிஸெபிலிட்டி அலையன்ஸ்’ என்ற பெரிய கூட்டமைப்பு இருந்தது. பல தொண்டு அமைப்புகள் அதில் அங்கம். அதன் முகம், வறுமை ஆய்வில் உலகப் புகழ் பெற்ற சமூகவியல் பேராசிரியர் பீட்டர் டவுன்சென்ட். உடற்குறை எவ்வளவு என்று அளந்து, அந்த அளவுக்கேற்ப அரசு எல்லாருக்கும் உதவித்தொகை தர வேண்டும் என்பது கூட்டமைப்பின் கோரிக்கை. நியாயமான கோரிக்கையாகத்தான் தெரிகிறது, இல்லையா? யூபியாஸ் சம்மதிக்கவில்லை. கூட்டமைப்பு பேச அழைத்தபோது, முதலில் நான்கு அடிப்படைகளை ஏற்றுக்கொள்ளுங்கள், பிறகு பேசலாம் என்றது.

ஒன்று, மாற்றுத்திறனாளியாக ஆக்கப்படுவது என்பது சமூக நிலைமைகளால் உண்டாகிற ஒரு நிலை. இரண்டு, வருமானம், போக்குவரத்து, இல்லம் எதையும் தனியே பிரித்து எடுத்துத் தீர்க்க முடியாது. மூன்று, மற்றவர்களின் ஆலோசனையும் உதவியும் இருக்கலாம், ஆனால் தங்கள் வாழ்க்கையின் பிடி மாற்றுத்திறனாளிகள் கையில் இருக்க வேண்டும். நான்கு, உதவ வரும் நிபுணர்கள் அந்தப் பிடியை அவர்கள் கைக்கு மாற்றுவதற்கு உழைக்கக் கடமைப்பட்டவர்கள்.

இன்னொரு நிபந்தனையும் வைத்தார்கள். பேசுவது முழுவதும் ஒலிநாடாவில் பதிவாக வேண்டும், அதை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கும் உரிமை வேண்டும். தங்களைப் பற்றி மூடிய அறைகளில் பிறர் பேசி முடிவெடுத்ததைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள் அவர்கள். ஹண்ட், ஃபிங்கல்ஸ்டீன், கென் டேவிஸ் முதலியோர் ஒரு பக்கம், டவுன்சென்டும் அவர் சகாக்களும் மறுபக்கம். நடுவில் நாடா ஓடிக்கொண்டிருந்தது.

கொள்கையளவில் ஒப்புக்கொள்கிறோம் என்றது கூட்டமைப்பு. ஒப்புக்கொள்கிறீர்கள் என்றால் உங்கள் அறிக்கைகளில் அது ஏன் இல்லை, மாற்றுத்திறனாளிகளைத் திரட்ட என்ன செய்தீர்கள், வருமானத்தை மட்டும் ஏன் தனியே பிரித்தீர்கள் என்று யூபியாஸ் தரப்பு விடாமல் கேட்டது. பேராசிரியரின் நல்லெண்ணத்தை யாரும் சந்தேகிக்கவில்லை. அவர் ஏற்றுக்கொண்ட வாக்கியத்துக்கும் அவர் செய்யும் வேலைக்கும் நடுவே இருந்த இடைவெளியை மட்டும் காட்டினார்கள். கூட்டு முயற்சி எதுவும் அன்று பிறக்கவில்லை. உரையாடலின் எழுத்து வடிவத்தையும் தங்கள் விளக்கத்தையும் சேர்த்து 1976இல் சிறு நூலாக வெளியிட்டார்கள்.

அளந்து கொடுக்கும் பணத்தை ஏன் எதிர்த்தார்கள்? பணம் வேண்டாம் என்பதற்காக அல்ல. அளவுகோல் வந்தால் அளப்பவர் வருவார். அவர் முன்னால் உட்கார்ந்து, குளிக்க முடியுமா, சாப்பிட முடியுமா, கழிப்பறைக்குப் போக முடியுமா என்ற கேள்விகளுக்கு முடியாது முடியாது என்று சொல்லச் சொல்லத்தான் தொகை கூடும். தன்னால் முடியாதவற்றின் பட்டியலை ஒப்பிப்பவனே பிழைப்பான். படிக்கட்டு அப்படியே இருக்கும்.

அந்த நூலில்தான் புகழ்பெற்ற வரையறை வந்தது. உடலில் இருப்பது குறை. ஒருவரை முடக்கிப்போடுவது அந்தக் குறை அல்ல, அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதையே கணக்கில் எடுக்காமல் அமைந்திருக்கும் சமூக ஏற்பாடு. குறை உடலுடையது, முடக்கம் ஊருடையது. ஃபிங்கல்ஸ்டீன் இதை ஒரு கற்பனைக் கதையாகவும் எழுதினார். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் மட்டும் வாழும் ஓர் ஊர். ஊரை அவர்களே கட்டுகிறார்கள். கூரையை உயரமாக வைக்க அவசியமில்லை, வாசல்நிலைகள் 5 அடியில் நிற்கின்றன. அங்கே நடக்கக்கூடிய சிலர் வந்து சேர்கிறார்கள். நிலைவாசலில் தலை இடித்து இடித்து நெற்றியெல்லாம் காயம். ஊர் மருத்துவர்கள் கூடி ஆராய்கிறார்கள். தலைக்கவசம் எழுதிக் கொடுக்கிறார்கள். குனிந்தே நடக்கப் பட்டை செய்து தருகிறார்கள். பாவம், இவர்களுக்கு வேலை கிடைக்கவில்லையே என்று தொண்டு நிறுவனம் தொடங்கி உண்டியல் குலுக்குகிறார்கள். ஒருநாள் அந்த நடப்பவர்கள் கூடிப் பேசும்போது ஒரு யோசனை வருகிறது: நிலையைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டினால் என்ன?

கொள்கை நூலிலும் கதையிலும் நிற்கவில்லை. கென் டேவிஸும் மேகி டேவிஸும் மாற்றுத்திறனாளித் தம்பதி. இல்லத்தைவிட்டு வெளியே வாழ ஒரு குடியிருப்பை அவர்களே திட்டமிட்டார்கள். நாட்டிங்ஹாம்ஷயரின் சட்டன் இன் ஆஷ்ஃபீல்டு ஊரில் 1976இல் அது எழுந்தது. தரைத்தளத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான மூன்று வீடுகள், மேலே மற்றவர்களுக்கு மூன்று. எந்த உதவி, எப்போது, எப்படி என்பதைக் கீழ்வீட்டுக்காரர்கள் முடிவுசெய்தார்கள், மேல்வீட்டுக்காரர்கள் முறைவைத்து உதவினார்கள். இல்லம் இல்லாவிட்டால் இவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்விக்குச் செங்கல்லும் சிமென்டுமாக வந்த பதில்.

ஹண்ட் 1979இல் 42 வயதில் காலமானார். 1983இல் மைக் ஆலிவர் என்ற மாற்றுத்திறனாளிப் பேராசிரியர் யூபியாஸின் பார்வைக்குச் சமூக மாதிரி என்று பெயரிட்டார். இது எல்லாவற்றையும் விளக்கும் கோட்பாடு அல்ல, கையில் எடுத்து வேலை செய்ய ஒரு கருவி என்று அவர் பின்னாளிலும் வற்புறுத்தினார்.

விமர்சனமும் வந்தது, வர வேண்டியதுதான். ஜென்னி மோரிஸ், லிஸ் க்ரோ போன்ற மாற்றுத்திறனாளிப் பெண்கள் 1990களில் கேட்டார்கள்: எல்லாத் தடையும் போனாலும் வலி இருக்குமே, களைப்பு இருக்குமே, அதைப் பற்றிப் பேச இந்தக் கொள்கையில் இடம் எங்கே? சரியான கேள்வி. உடற்குறை உள்ளவர்களுக்கு மட்டும் என்று யூபியாஸ் கதவைச் சாத்தியதில், காது கேளாதவர்களும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் வெளியே நின்றார்கள் என்பதும் உண்மை. வலியை ஒப்புக்கொண்டால், பார்த்தாயா உன் உடம்புதான் பிரச்சினை என்று மருத்துவர்கள் பிடித்துக்கொள்வார்கள் என்ற அச்சம் அன்றைக்கு நியாயமானதுதான். ஆனால் அச்சத்தில் விட்டுப்போனவற்றைச் சேர்க்க அடுத்த தலைமுறை வர வேண்டியிருந்தது. 1990இல் யூபியாஸ் தன்னைக் கலைத்துக்கொண்டது.

நம் சட்டப் புத்தகத்துக்கு வந்த வழி

1980இல் கனடாவின் வின்னிபெக் நகரில் மறுவாழ்வு நிபுணர்களின் உலக மாநாடு. அங்கு வந்திருந்த மாற்றுத்திறனாளிகள், நிர்வாகத்தில் எங்களுக்குப் பாதி இடம் வேண்டும் என்றார்கள். நிபுணர்கள் மறுத்தார்கள். மறுக்கப்பட்டவர்கள் தனியே கூடி மாற்றுத்திறனாளிகளின் அகில உலக அமைப்பைத் தொடங்க முடிவெடுத்து, 1981இல் சிங்கப்பூரில் முதல் மாநாட்டை நடத்தினார்கள். அதே ஆண்டு பிரிட்டனிலும் மாற்றுத்திறனாளிகளே நடத்தும் அமைப்புகளுக்கான தேசியக் கூட்டமைப்பு உருவானது. யூபியாஸ்காரர்கள் இரண்டிலும் இருந்தார்கள். 2006 டிசம்பர் 13 அன்று ஐ.நா. பொதுச்சபை மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றபோது, அதன் உருவாக்கத்தில் உலகின் பல மூலைகளிலிருந்து மாற்றுத்திறனாளிகள் பங்கெடுத்திருந்தார்கள். இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று அதை உறுதிசெய்தது. அதன் விளைவாக வந்ததுதான் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்.

அதன் 2ஆம் பிரிவில், மாற்றுத்திறனாளி யார் என்று சொல்லும் இடத்தைப் படித்துப் பாருங்கள். நீண்டகாலக் குறைபாடு உள்ளவர், அந்தக் குறைபாடு தடைகளோடு சேரும்போது மற்றவர்களுக்குச் சமமாகச் சமூகத்தில் பங்கெடுக்க முடியாமல் போகிறவர் என்கிறது சட்டம். தடைகள் என்ற சொல் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் அது இல்லை. மருத்துவர் 40 சதவீதத்துக்குக் குறையாமல் எழுதிக் கொடுத்தால் மாற்றுத்திறனாளி, அவ்வளவுதான். யூபியாஸ் அளவுக்குப் போகாமல் உடலுக்கும் பாதிப் பொறுப்பு கொடுக்கிறது ஐ.நா. வரையறை. அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை, மோரிஸும் க்ரோவும் கேட்டதற்கு அது இடம் தருகிறது. ஹண்டின் சொந்த நாட்டில் 1995இல் வந்த சட்டம் உடலையும் அதன் குறையையும் வைத்தே மாற்றுத்திறனாளியை வரையறுத்தது, 2010இல் வந்த சட்டமும் இன்னும் அப்படித்தான் வரையறுக்கிறது. அவர் கடிதத்தின் பலன் டெல்லிக்கு வந்த அளவுக்கு லண்டனுக்குப் போகவில்லை.

ஆனால் அதே 2ஆம் பிரிவில், இந்த வரையறைக்கு நேர் முந்தைய உட்பிரிவில் 40 சதவீதம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு, உயர்கல்வியில் 5 சதவீதம் எல்லாம் அந்த 40ஐத் தொட்டவர்களுக்குத்தான்.

அரசு மருத்துவமனை முகாமில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். ஒருவருக்குக் காலில் 30 சதவீதம், இன்னொரு வகைக் குறை 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டி 45 என்று போட மாட்டார்கள். அதற்கென்று மத்திய அரசின் வழிகாட்டியில் ஒரு சூத்திரம் இருக்கிறது: பெரியதை 90இலிருந்து கழித்து, சிறியதால் பெருக்கி, 90ஆல் வகுத்து, வந்ததைப் பெரியதோடு கூட்ட வேண்டும். 30க்கும் 15க்கும் சரியாக 40 வரும். இரண்டாவது குறையை மருத்துவர் 14 என்று எழுதிவிட்டால் 39.3. மாடிப்படியில் அவர் படும் பாட்டில் எந்த வித்தியாசமும் இல்லை. ஒன்று கூடினால் வேலைக்கு விண்ணப்பிக்கலாம், ஒன்று குறைந்தால் வீட்டுக்குப் போகலாம். அந்த அறைக்கு வெளியே காத்திருக்கும் தாய்மார்கள், பிள்ளையிடம், டாக்டர் கேட்டால் முடியலைன்னு சொல்லு என்று சொல்லிக்கொடுப்பதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? 1975இல் ஒலிநாடா முன்னால் யூபியாஸ் எச்சரித்தது இதைத்தான்.

நீதிமன்றம் கொஞ்சம் கொஞ்சமாகப் புதிய வரையறையின் பக்கம் நகர்கிறது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒரு குடிமைப்பணித் தேர்வருக்கு 40 சதவீதம் இல்லை என்று எழுத்தர் உதவி மறுக்கப்பட்ட வழக்கில், தேவையான வசதியைக் கேட்க 40 சதவீதம் நிபந்தனை அல்ல என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சதவீத எண்ணை மட்டும் வைத்து மருத்துவப் படிப்பை மறுக்கக் கூடாது என்று 2024 அக்டோபரில் சொன்னது. வழக்குக்கு வழக்கு ஒரு வாசல்நிலை உயர்கிறது.

மீதி வேலை நீதிமன்றத்தில் நடக்காது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவை, உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாகச் சேர்க்கும் திருத்தங்களை நிறைவேற்றியது. பல ஆண்டுக் கோரிக்கைக்குக் கிடைத்த வெற்றி அது, மனமார வரவேற்கிறேன். யூபியாஸ் கேட்ட கேள்விகளை இங்கேயும் கேட்க வேண்டும். தேர்ந்தெடுப்பது யார்? அந்த உறுப்பினர் யாருடைய கருத்தைப் பேசுவார், யாருக்குப் பதில் சொல்வார்? மாற்றுத்திறனாளிகளே நடத்தும் அமைப்புகளையும் அவர்களுக்காகப் பிறர் நடத்தும் அமைப்புகளையும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும், ஆலோசனையில் முன்னவற்றுக்கே முதலிடம் என்று அந்த உரிமை உடன்படிக்கைக்கான ஐ.நா. குழு 2018இல் அரசுகளுக்குத் தெளிவாக வழிகாட்டியிருக்கிறது. நம் ஊர்ச் சங்கங்கள் இதை உரிமையோடு எடுத்துப் பேசலாம்.

அதற்குச் சங்கங்கள் வைத்திருக்க வேண்டியது, உறுப்பினர்களே பேசி எழுதிய கொள்கை. இன்றைக்குத் தபாலுக்குக் காத்திருக்க வேண்டாம், கைபேசியில் ஒரு குரல்பதிவு போதும். பார்வையில்லாதவரும் எழுதத் தெரியாதவரும் படுக்கையைவிட்டு எழ முடியாதவரும் அதில் பேசலாம். பஞ்சாயத்து அலுவலகத்தின் சாய்தளம் எந்தச் சரிவில் இருக்க வேண்டும், நூறுநாள் வேலையில் எந்த வேலையைத் தர வேண்டும், கிராமசபைக் கூட்டம் எங்கே நடந்தால் எல்லாரும் வர முடியும் என்று ஒன்றியத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் பேசி, சண்டை போட்டு, ஓட்டெடுத்து எழுதிய நாலு பக்கத்தோடு அந்த நியமன உறுப்பினர் முதல் கூட்டத்துக்குப் போகட்டும். தலைவர் சால்வை போர்த்தி முடித்ததும், எந்தத் தீர்மானத்துக்கு ஆதரவு, எதற்கு எதிர்ப்பு என்று அதைப் பார்த்து அவர் சொல்லட்டும்.